டிராகன் எப்போது நெருப்பு கக்கும்?

சாப்பாட்டு மேஜை போர்க்களமாகிவிட்டது. கட்டைவிரல் உயர வீரர்கள் இந்தப் பக்கம், மந்திரவாதியும் டிராகனும் அந்தப் பக்கம்.

"புது விளையாட்டு, ஆடிப் பாருங்க" என்று நான்தான் கொண்டுவந்திருந்தேன். அக்காவும் மாமாவும் விதிப்புத்தகத்தைப் படித்து அவர்களாகவே ஆட வேண்டும், நான் வாயே திறக்கக் கூடாது என்பது நிபந்தனை.

ஒரு மணி நேரமாகியும் ஒரு வீரன்கூட நகரவில்லை.

"டிராகன் நெருப்பு கக்குறது நகர்றதுக்கு முன்னாடியா, பின்னாடியாங்க?" என்றாள் அக்கா.

மாமா புரட்டினார். "'இருபதாம் பக்கம் பார்க்கவும்'னு போட்டிருக்கு... இருபதுல, 'முன்பே சொன்னபடி'ன்னு இருக்கு. எங்கய்யா சொன்னே?" என்று புத்தகத்திடமே கேட்டார்.

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நீயாவது சொல்லித் தொலையேன்டா!" என்று அக்கா என் பக்கம் திரும்பினாள். நான் தலையை ஆட்டி மறுத்தேன்.

"அவனுக்கு மட்டும் என்ன புரிஞ்சு கிழிச்சிருக்கப் போகுது?" மாமா பகடையை வீசி எறிந்தார். "இதை எழுதினவன் கையில கிடைச்சான், இந்தப் புத்தகத்தையே முழுங்க வெச்சிடுவேன்!"

அக்கா டிராகனைப் பெட்டியில் போட்டு மூடினாள். ஆட்டம் முடிந்தது. இனி நான் பேசலாம்.

மாமா முதல் பக்கத்தைத் திருப்பினார். "யாருடா அந்த மகானுபாவன்? பேரையே காணோம்?"

"நாளைக்கு அச்சுக்குப் போறப்ப போட்டுக்கலாம்னு இருந்தேன் மாமா," என்றேன். "இப்ப வேண்டாம்னு தோணுது."