சால்னா வாசம்

ஜீப்புக்கு நாலு சக்கரத்திலும் இழுவை இருந்தது. உள்ளே இருந்த மூன்று பேருக்கும் பேசக்கூடத் தெம்பில்லை.

சேத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் கூடாரம் போட்டுத் தங்கப் போன நண்பர்கள். வெள்ளிக்கிழமை ஓடையைக் கடக்கையில் ஜீப் போட்ட குலுக்கலில் பிரியாணிச் சட்டி தண்ணீரோடு போயிற்று. பின்னாலேயே மழை வந்து ஓடை பெருகியது. வெள்ளம் வடியும் வரை அக்கரையில் பட்டினி கிடந்துவிட்டு, இப்போதுதான் திரும்புகிறார்கள்.

செட்டியார்பட்டியில் புரோட்டாக் கடையைக் கண்டதும் நிஜாம் ஜீப்பை நிறுத்தினான்.

"எறங்குலே செல்வின்."

"நீங்க தின்னுட்டு வாங்கலே. ஸ்வீட்லின் மீன் கொழம்பு வச்சிருப்பா. நான் வயித்தக் காலியாவே கொண்டு போறேன்."

நிஜாமும் ஜெர்வினும் தின்று முடிக்கும் வரை, செல்வின் ஜீப்பிலேயே சால்னா வாசத்தைப் பிடித்தபடி கிடந்தான். ராஜபாளையம் வந்ததும் தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டான்.

கதவைத் திறந்த மனைவி ஸ்வீட்லினுக்கு அவன் முகத்தைப் பார்த்ததும் கண் கலங்கியது.

"எம்புட்டு வாடிட்டிய! உபவாச ஜெபம்னு சொல்லிட்டு, கூட்டாளிகளோட ஊர் சுத்தப் போறியளோன்னு சந்தேகப்பட்டுட்டேன். கர்த்தர் என்னைய மன்னிக்கணும்."

செல்வின் தலைகுனிந்துகொண்டான்.

"சோறு இருக்கா?"

"நீங்க அங்க பட்டினியா ஜெபிக்கையில எனக்கு மட்டும் சோறு எறங்குமா? நேத்துல இருந்து நானும் அடுப்பே பத்த வைக்கல. வாங்க, முழங்கால் போட்டு ஜெபிப்போம். நாளைக்குக் கோயில் முடிஞ்சு வந்து சேர்ந்தே சாப்பிடுவோம்."