எதிர்வாசல் பொம்மை

கட்டிக்கொண்டிருந்த வீட்டின் முன்னால் பலவேசம் எழுப்பிய திருஷ்டிப் பொம்மை மாடி உயரம் இருந்தது. வயிற்றுக்கு வெடித்துப்போன தண்ணீர்த் தொட்டி, கண்ணுக்கு இரண்டு ஹெல்மெட், பல்லுக்கு உடைந்த டைல்ஸ். எதிர்வீடு அண்ணனுடையது. பேச்சு நின்று ஒன்பது வருஷம். அண்ணன் கதவைத் திறந்ததும் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்று வைக்கோல் கழுத்தை மூன்று முறை அறுத்துத் திருப்பிக் கட்டினான். அண்ணன் முன்கதவைப் பூட்டிவிட்டுக் கொல்லை வழியாகப் போய்வரத் தொடங்கினார். பலவேசத்துக்கு அது போதவில்லை. பொம்மைக்கு இன்னும் ஆறடி கூட்டினான்.

மார்கழியில் வீட்டு வேலை முடிந்தது.

“தை பொறந்ததும் பால் காய்ச்சிரலாங்க,” என்றாள் மனைவி செல்லக்கனி.

“காய்ச்சினா பொம்மைய எடுக்கணும்லா?”

“பின்ன? குடிபோன வீட்டுக்கு முன்னால எவனாவது இத நிறுத்தி வைப்பானா?”

மறுநாள் காலையில் நாள் குறித்துக்கொண்டு அவள் வந்தபோது, பலவேசம் பெயின்ட் வாசனை போகாத அடுப்படிச் சுவரைக் கடப்பாரையால் இடித்துக்கொண்டிருந்தான்.

“வேலை இன்னும் முடியலன்னு சொல்லிரு, எல்லார்கிட்டயும்.”