எட்டடிப் பட்டறை

செஞ்சியில் எட்டடி அறைதான் யாகப்பனின் தச்சுப் பட்டறை. கூலிக்கு இழைத்தது போதும், சொந்தமாக ஒரு ஆர்டர் பிடிக்க வேண்டும் என்று எல்லா மெசினையும் ஒரே சக்கர மேசைக்குள் அடக்கியிருந்தான்.

தொண்டூரில் வீடு கட்டும் தாண்டவராயன், வாசக்கால் வேலையைத் தரலாமா என்று பார்க்க வந்தார்.

“மேசை ஜோரா இருக்குது. இன்னாத்துக்குப்பா இம்மாம் ஒசரம்? அளவு தப்பிட்டியா?”

“அளந்துதாங்க போட்டேன்.”

“என் மரம் ஏழடி. மெசினுக்கு முன்னால ஏழடி, பின்னால ஏழடி வேணும். ரூமே எட்டடி. செவுத்தையா இழைக்கப் போற? நான் வேற ஆளப் பாக்குறேன்.”

“ஒரு மரம் இழைக்கிறதப் பாத்துட்டுப் போங்கய்யா.”

யாகப்பன் மேசையைத் தெருப்பக்கச் சுவரோரம் தள்ளிச் சக்கரத்தைப் பூட்டினான். கம்பியில்லாத ஜன்னலைத் திறந்தான். ஜன்னல் விளிம்பும் மேசையும் ஒரே மட்டமாக நின்றன. மெசினுக்குள் போன மரம் இழைந்து, ஜன்னல் வழியே தெருவுக்கு நீண்டது.

வெளியே அவன் மனைவி லில்லி அதைத் தாங்கிப் பிடித்தாள். “பைக்க ஓரமா வுடுங்கண்ணா, மரம் வருது!”

தாண்டவராயன் தெருவுக்குப் போய் மரத்தைத் தடவிப் பார்த்தார்.

“எட்டு வாசக்காலும் உங்களுக்குத்தாம்மா. நாளைக்கே மரத்த எறக்கிடறேன்.”

“எறக்குங்கய்யா. செஞ்சியிலயே எங்களுதுதான் பெரிய பட்டறை. தெரு முழுக்க இருக்குது!”