மர்லியாவின் பதில்

“அவக்குப் பயமாம், டொக்டர். வெட்ட வாணாமாம்” என்றான் மஷூர், திரையை விலக்கிக்கொண்டு முன்னறைக்கு வந்து.

கொட்டாஞ்சேனையில் அது பழைய ஒழுங்குள்ள முஸ்லிம் வீடு. மனைவி அந்நிய ஆணுக்கு முன்னால் வரமாட்டாள். கேள்வியும் பதிலும் கணவன் வாய்வழியாகத்தான் போய்வரும். வெள்ளைக்கார லேடி டொக்டர் அவன் மனைவி மர்லியாவைச் சோதித்து எழுதிக் கொடுத்ததை வைத்து, கத்தி பிடிக்கிற டொக்டர் கதிர்காமநாதனே றிக்‌ஷா ஏறி வீடு தேடி வந்திருந்தார்.

நோயாளியைப் பார்க்க வேண்டும் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வழக்கம் தெரிந்த மனிதர் என்று மஷூர் நினைத்துக்கொண்டான்.

“திரும்பவும் கேட்டுப் பாருங்கோ. கருப்பையில இருக்கிற கட்டியை எடுக்காட்டி வருசம் தாண்டாது. எடுக்கிறதெண்டா மயக்க மருந்து குடுக்கவேணும். இருதயம் ஏற்கெனவே பழுது, கண் முழிப்பாவோ எண்டு என்னால சொல்லேலாது.”

மஷூர் மறுபடி உள்ளே போனான். உண்மையில் முதல் தடவையும் அவன் அவளிடம் எதையும் கேட்கவில்லை. மருந்தாலேயே சுகமாகிவிடுமாம் என்று வாய் கூசாமல் புளுகியிருந்தான்.

“இப்ப என்னவாம்?” என்றாள் மர்லியா, மூச்சு வாங்க.

“குடிச்ச தேத்தண்ணி நல்லமாம்.”

அவள் முக்காட்டு நுனியால் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள். பாவி மனிதனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வெளியே வந்தவன், அவள் வேண்டாம் என்றே நிற்கிறாள் என்றான். டொக்டர், அப்படியானால் உங்கள் எண்ணம் என்ன என்று கேட்டார்.

அதை இதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை. மஷூர் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தான்.

“வெட்டி மௌத்தாப் போனா, நாந்தான் கொண்டுபோய்ச் சாகக் குடுத்தவன். வெட்டாம மௌத்தாப் போனா, நாந்தான் சும்மா பாத்துக்கொண்டு இருந்தவன். நான் எந்தப் பக்கத்தால போற, டொக்டர்?”

அவளிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, இரண்டு பக்கமும் பொய்தான் சொன்னேன் என்பதையும் அழுதபடியே ஒப்புக்கொண்டான்.

டொக்டர் குரலைத் தாழ்த்தினார்.

“அவ போன கிழமையே தங்கச்சியோட ஆஸ்பத்திரிக்கு வந்து, வெட்டுறதுக்கு என்னட்டை நேரில ஓம் எண்டிட்டா. உங்களைத் தேற்றத்தான் என்னை வரச்சொன்னவ.”