ஒன்றரை அங்குல மரம்

அவர் பின்முற்றத்துப் புல்லில் முழங்கால்களை மடக்கி உட்கார்ந்து, துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் தொடங்கியது என்று நினைக்கிறேன். என் கோட்டில் எண்ணெய் வாசனை அடித்தது அதற்கு முன்பா, பின்பா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முன்பு என்றால் ஒரு கதை. பின்பு என்றால் வேறு.

நான் சமையலறை ஜன்னலில் நின்றிருந்தேன்.

ஆறடி மனிதர். துப்பாக்கி அவர் கைகளுக்குள் ஒடுங்கிக் கிடந்தது. பிடித்த கையின் கட்டைவிரல் மூக்கில் முட்டியது. போன வருடத்துச் சட்டைக்குள் புகுந்துகொண்ட பையனைப் போல இருந்தார்.

நாமக்கல்லிலிருந்து மிசௌரியின் இந்த மலையோர ஊருக்கு நாங்கள் வந்து பல வருடமாகியிருந்தது. என் கணவர் கோழிப்பண்ணைகளுக்கு வைத்தியர். காட்டு வான்கோழி வேட்டையை அவருக்குப் பழக்கியவள் கூட வேலை பார்க்கும் டெப்ரா.

விடியும் முன்பே போய் ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார வேண்டும். பேசக் கூடாது. அசையக் கூடாது. பெட்டையைப் போலக் குரல் கொடுத்துச் சேவலை வரவழைக்க வேண்டும்.

பேசாமல் இருப்பது அவருக்கு எப்போதுமே சுலபம்.

டெப்ராவை நான் ஒரு படத்தில்தான் பார்த்திருக்கிறேன். வண்டியின் படியில் உட்கார்ந்து சிரித்தாள். உட்கார்ந்திருப்பவளின் உயரம் தெரியாது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் கடைகடையாக ஏறி இறங்கினார். இரட்டைக்குழல்தான் வேண்டும் என்றார். ஒரு குழலின் வாய் சற்று அகலம், கிட்டே வரும் பறவைக்கு. மற்றது இறுக்கம், தள்ளி நிற்பதற்கு. இரண்டு விசை. எதை இழுப்பது என்று விரலே முடிவு செய்துகொள்ளும்.

கனமானதையெல்லாம் ஒதுக்கினார். கடைசியில் வாங்கி வந்தது ஒல்லியானது, லேசானது.

சாப்பிட வந்த எங்கள் ஊர்க்காரர் செங்கோடன் அண்ணன் அதைக் கையில் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

“ஏன் மாப்ள, வாரம் பூரா கோழிக்கு ஊசி போடற. ஞாயித்துக்கெழமை குண்டு போடப் போறயா? அதும் இத்தினியூண்டு துப்பாக்கில?”

அவர் சிரிக்கவில்லை. என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார்.

என் பழுப்புக் கோட்டு இரண்டு நாள் காணாமல் போயிருந்தது. மறுபடி கொக்கியில் தொங்கியபோது அதில் எண்ணெயும் மரத்தூளும் மணத்தன.

யாரோ போட்டிருந்தார்கள்.

பிறகு குப்பைத் தொட்டியில் அந்தத் துண்டு. ஒன்றரை அங்குலத் தடிமன். நல்ல அக்ரூட் மரம். தோளில் அண்டக் கொடுக்கும் அடிக்கட்டையை அறுத்துக் குட்டையாக்கியிருந்தார்கள்.

ரவிக்கை தைக்கக் கொடுத்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அளவு என்பது ஓர் உடம்பு.

சனிக்கிழமை வேலிக்கம்பங்களுக்கு நடுவே பழுப்புக் காகிதத்தைக் கட்டினார். அதில் வான்கோழியின் தலையையும் கழுத்தையும் வரைந்திருந்தார். வலக்குழலால் ஒன்று. நடந்து போய்க் காகிதத்தைத் தடவிப் பார்த்தார். இடக்குழலால் ஒன்று. மறுபடி நடந்தார். இரண்டு குழலும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டுமாம்.

உள்ளே வந்தபோது மூக்கின் மேல் தோல் உரிந்திருந்தது.

என்ன ஆயிற்று என்று கேட்டேன். கதவு இடித்தது என்றார்.

அவர் குளிக்கப் போன நேரத்தில் துப்பாக்கியை எடுத்து என் தோளில் வைத்துப் பார்த்திருக்கலாம்.

வைக்கவில்லை. இன்னொருத்தி அளவுக்குத் தைத்ததை யார் போட்டுப் பார்ப்பார்கள்?

வேட்டைக்கு முந்தின நாள் மாலை, மேசையில் துணி விரித்துத் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் கேட்டார்.

“நாளைக்கு நீயும் வாரயா? ஒரே மரத்துல சாஞ்சு உக்காந்துக்கலாம்.”

ஊரார் கண்ணுக்கு ஒரு மறைப்பு வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன்.

“யாருக்கு அளவெடுத்தீங்களோ அவளையே கூட்டிட்டுப் போங்க.”

அவர் துப்பாக்கியை மடக்கித் திறந்தார். விளக்குக்கு நேரே தூக்கி, இரண்டு குழல் வழியாகவும் வெகுநேரம் பார்த்தார். சுத்தமாகத்தான் இருந்திருக்கும்.

மூடினார். துணியைச் சுருட்டினார்.

மறுநாள் தனியாகப் போனதாகச் சொன்னார். வண்டியில் அவர் பக்கத்து இருக்கை ஈரமாக இருந்தது. கேட்டேன். பனி என்றார்.

அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்தது. பிறகு நின்றது. அடுத்த வசந்தத்துக்கு முன்பே அவர் வேறு வீடு பார்த்துக்கொண்டார். துப்பாக்கியை மட்டும் எடுத்துப் போகவில்லை.

விட்டுப்போனதா, வேண்டுமென்றே விட்டதா, தெரியவில்லை.

விற்கக் கொண்டுபோனேன். கடைக்காரர் வயதானவர். வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு தோளுக்கு உயர்த்துங்கள், பிறகு திறங்கள் என்றார்.

கட்டை தோள்குழியில் வந்து உட்கார்ந்தது. கன்னம் தானாகச் சாய்ந்தது. கண்ணைத் திறந்தேன். குழல் முனையில் குறி பார்க்கப் பதித்த பித்தளை மணி என் வலக்கண்ணுக்கு நேராக நின்றது.

இது உங்களுக்கென்றே வெட்டியது, இதை ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டார்.

டெப்ராவின் கை நீளம் எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் நாமக்கல்லுக்குத் திரும்பித் தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். டெப்ரா வேலையை விட்டுக் கான்சாஸில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். செங்கோடன் அண்ணன் இறந்துபோனார். துப்பாக்கியை யாரோ ஒருவர் தன் மகளுக்காக வாங்கிப் போனார். நான் இங்கேதான் இருக்கிறேன்.