வெறும் காற்றுத்தான்

"தண்ணி வருதோ?" என்று கேட்டாள் மனோகரி. இரண்டு ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜாக்கெட், கழுத்தில் மஃப்ளர். இத்தனையும் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குள்தான் உட்கார்ந்திருந்தாள்.

அவள் கணவர் சிறீதரன் ஹீட்டருக்கு முன்னால் முழந்தாளிட்டு, ஒரு கையால் உள்ளே அடைபட்ட காற்றைத் திறந்துவிடுகிற சின்னச் சாவியைத் திருகி, மறு கையால் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஸ்ஸ் என்று காற்று வந்தது. பிறகு நாலு சொட்டுத் தண்ணீர், அதுவும் கறுப்பாய். பிறகு அதுவும் இல்லை.

"வருது, வருது," என்றார். மூன்று நாளாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வியாழக்கிழமை நிலவறையில் உடுப்புத் தோய்த்துவிட்டுக் கூடையோடு மேலே வந்த மனோகரிதான் முதலில் சொன்னாள், "இஞ்சேருங்கோ, ஹீட்டர் பச்சைத்தண்ணி மாதிரிக் கிடக்கு." வெளியே சுவிஸ் மலை நகரான லா ஷோ-து-ஃபோனின் பனி ஜன்னல் விளிம்புவரை வந்திருந்தது. அவர் கீழே ஓடிப்போய்ப் பார்த்தார். மேலே ஹீட்டர்களுக்குச் சுடுதண்ணீர் அனுப்புகிற பாய்லர் உறுமுவதும் நிற்பதுமாய் இருந்தது, தொட்டால் கை சுட்டது, முள்ளும் பச்சைக் கோட்டில்தான் நின்றது. கீழே இவ்வளவு சூடு இருக்க, மேலே ஏன் வரவில்லை என்பது அவருக்கு விளங்கவே இல்லை.

யூடியூபில் தமிழில் தேடினார். கிணற்று மோட்டார் பழுது பார்ப்பதைத்தான் காட்டினார்கள். பிரெஞ்சில் தேடினால், அந்த ஆள் பேசி முடித்த பிறகும் இவர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஹீட்டர் கம்பனிக்கு இரண்டு தரம் போன் எடுத்தார். கடிகாரத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருசம் வேலை செய்தவருக்கு வணக்கம், ஆம், நாளைக்கு என்பதற்கு மேல் பிரெஞ்சு தேவைப்பட்டதில்லை. ஆள் அனுப்புவதற்கு முன் கம்பனிக்காரர் பத்துக் கேள்வி கேட்டார். பத்துக்கும் இவர் 'ஆம்' என்றார். பதினோராவதற்கும் 'ஆம்' என்றபோது அவர் போனை வைத்துவிட்டார்.

இந்த வீட்டின் பிரெஞ்சு முழுவதும் மதுஜாவிடம்தான் இருந்தது. எட்டு வயதிலிருந்து டொக்டரிடமும் விசாக் கந்தோரிலும் அப்பாவுக்காகப் பேசிய ஒரே மகள். இரண்டு வருசத்துக்கு முன் தான் விரும்பின பெடியனைக் கட்டிக்கொண்டு லொசானுக்குப் போய்விட்டாள். இனி இந்த வீட்டில் ஒருவரும் அவளோடு கதைக்கக் கூடாது என்று அன்றைக்கே சிறீதரன் சட்டம் போட்டார். மனோகரி அழுது பார்த்தாள், சண்டை பிடித்துப் பார்த்தாள், பிறகு பேசாமல் இருந்துவிட்டாள்.

"நீ ஒருக்கா அவளுக்கு எடுத்துக் கேளன்," என்றார் இப்போது, கோப்பையைப் பார்த்தபடி.

"எடுக்கக் கூடாதெண்டு சொன்னது ஆர்? வேணுமெண்டால் நீங்களே எடுங்கோ." மனோகரி இருமினாள். "இல்லாட்டி இப்பிடியே விறைச்சுச் சாகிறன்."

அவருக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. ஒரு இரும்புப் பெட்டி தன்னை இப்படி ஆக்கிவிட்டதே என்றிருந்தது. மகளின் இலக்கத்தை அழித்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர்தான். ஆனால் விரல் எதையும் மறந்திருக்கவில்லை.

"அப்பா?" என்றது போன்.

"ஹீட்டர் வேலை செய்யேல்லை," என்றார்.

மதுஜாவின் குரல் அவசரமாக வந்தது. "வைச்சிடாதேங்கோ அப்பா. மற்றப் போனில கம்பனிக்கு எடுக்கிறன். நீங்கள் பாய்லருக்குக் கிட்டப் போங்கோ."

ஒரு காதில் கம்பனிக்காரர், மறு காதில் அப்பா. பழைய மாதிரியே அவள் இரண்டு பக்கமும் மாறிமாறிக் கதைத்தாள்.

"பாய்லருக்குக் கீழ ரெண்டு வால்வு இருக்காம். கைபிடி குழாய்க்கு நேர நிக்குதோ, குறுக்க நிக்குதோ?"

"குறுக்க. ரெண்டும்."

"அப்ப ரெண்டும் பூட்டிக் கிடக்கு. தண்ணி மேல போக வழியில்லை. நேராத் திருப்புங்கோ."

பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார். குழாய்க்குள் தண்ணீர் சலசலத்துக்கொண்டு மேலே ஏறிப்போனது.

"ஆர் பூட்டினதெண்டு அவர் கேக்கிறார். அது தன்ரபாட்டில பூட்டாதாம்."

"எனக்கெப்பிடித் தெரியும் பிள்ளை, பழைய வீடு." பிள்ளை என்று கூப்பிட்டுவிட்டது அவருக்கே பிறகுதான் உறைத்தது. அதற்குமேல் வீறாப்புக் காட்ட அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. "நாளைக்கு ஞாயிறுதானே. ரெண்டுபேருமா வந்து ஒருக்காப் பாத்தால் நல்லது."

"எதை அப்பா?"

"ஹீட்டரைத்தான்."

"ஓம் அப்பா. வாறம்." அவள் அழுகிறாள் என்பது அவருக்குக் கேட்டது.

மேலே வந்து மறுபடியும் சாவியைத் திருகினார். காற்று சீறி முடிய, தண்ணீர் பாய்ந்து சட்டையை நனைத்தது. ஹீட்டர் மெல்ல மெல்லச் சுடத் தொடங்கியது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தேய்த்தார்.

"நாளைக்கு அவள் வாறாள். அவனும்தான்."

"ம்," என்றாள் மனோகரி. மஃப்ளரையும் ஜாக்கெட்டையும் கழற்றினாள்.

"அந்த ரெண்டு வால்வும் சரியான இறுக்கம், மனோ. திருப்பிறதுக்குள்ள கை நொந்து போச்சு."

மனோகரி ஒரு ஸ்வெட்டரையும் கழற்றி, மடித்து, மடியில் வைத்தாள்.

"நான் பூட்டேக்கையும் அப்பிடித்தான் இருந்தது."