சூளைக்குள் இல்லாத நிறம்

கடை அலமாரியில் வெள்ளை ஜாடி முன்னால் இருந்தது. கறுப்பு ஜாடி அதன் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"ஒட்டாம நில்லு. என்மேல கறை படிஞ்சிடும்," என்றது வெள்ளை.

"சரி. நாம வெந்த சூளை உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டது கறுப்பு.

வெள்ளையின் குரல் இளகியது. "மறக்குமா? உள்ளே எல்லாத்துக்கும் ஒரே சூடு, ஒரே வெளிச்சம். சூளைக்காரர் துளை வழியாப் பார்த்துட்டு, 'ஜாடி ஒண்ணையும் காணோமே, உருகிப்போச்சா'ன்னு பதறினார்."

"சுவரும் நாமும் ஒரே மாதிரி ஜொலிச்சோம். பாவம், அவர் எதைன்னு பார்ப்பார்?"

"நீ எது, நான் எதுன்னு எனக்கே தெரியல. என்ன நாள் அது."

"சூடு ஆற ஆறத்தான் நீ வெள்ளையானே, நான் கறுப்பானேன்."

"ஆமா," என்றது வெள்ளை. "இருந்தாலும் கொஞ்சம் தள்ளியே நில்லு."

கறுப்பு ஜாடி தள்ளி நின்றது. "அன்னிக்கு நீ என்மேல சாஞ்ச இடத்துல என் கறுப்புப் பூச்சு உன் முதுகுல ஒட்டிக்கிச்சு. அதை மறைக்கத்தான் கடைக்காரர் உன்னை இப்படித் திருப்பி வெச்சிருக்கார். உன்னால பார்க்க முடியாது. நான் தினமும் அதைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."